முதுகு டூட்டி

பெண்கள் விடுதிக்கு அறை வரைய வேண்டும் என்று சொன்னதும் உங்களில் பாதிப் பேர் முதலில் கலர் கார்டைத் தேடுகிறீர்கள். போன வாரம் உங்கள் ஆபீசுக்கு வந்திருந்தபோது பார்த்தேன். கம்ப்யூட்டர் திரையில் ஒரு படுக்கையறை. சுவர் ரோஸ், திரைச்சீலை ரோஸ், கட்டில்மேல் ரோஸ் நிறத்தில் ஒரு கரடி பொம்மை. கீழே 'பெண்களின் தேவைகளைக் கருத்தில் கொண்ட வடிவமைப்பு' என்று எழுதியிருந்தது. கரடிக்கு எல்லா வசதியும் இருந்தது. துணி காயப்போட ஒரு கொடி கட்டத்தான் இடமில்லை.

உங்களைக் குறை சொல்லவில்லை என்று நாகரிகமாகச் சொல்லலாம். ஆனால் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். எனக்கு அந்தத் தகுதி இருக்கிறதா என்பது வேறு விஷயம். திருவள்ளூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில் ஆர்க்கிடெக்ட் என்று போர்டு மாட்டி ஆயுளில் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். வரைந்ததில் முக்கால்வாசி கல்யாண மண்டபம், மீதி கோடவுன். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. மண்டபத்தில் சரக்கு தானே வந்து, சாப்பிட்டுவிட்டு, தானே போய்விடும். ஒருநாள் என் முழங்கால் இனிமேல் சாரத்தில் ஏற மாட்டேன் என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டது. ஆபீசை மூடினேன். இப்போது புத்தகம் படிக்கிறேன், அடுத்தவர் வரைந்ததைப் பார்த்துச் சிரிக்கிறேன். இதுதான் ஓய்வு என்று தெரிந்திருந்தால் முன்பே எடுத்திருப்பேன்.

அனுபவத்தைச் சொல்லுங்கள் சார் என்று கேட்டீர்கள். கம்பி கட்டுவதும் கலவை போடுவதும் உங்களுக்குத் தெரியும்; தெரியாவிட்டால் மேஸ்திரிக்குத் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். ஒரு கதவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையைத் தாண்டி ஒரு பாலிடெக்னிக். பெயர் வேண்டாம். அந்தச் சாலையில் பாலிடெக்னிக்குக்குப் பஞ்சமில்லை, எந்தப் பெயரைச் சொன்னாலும் ஒருவர் கோபித்துக்கொள்வார். தாளாளர் பள்ளிப்பட்டுப் பக்கத்து நெல் விவசாயக் குடும்பம். அப்பா வயலில் நாற்று நட்டார், மகன் வயலில் கல்லூரி நட்டார். ஆண்களுக்கு அங்கே ஒரு விடுதி இருந்தது. அதை வரைந்து கட்டியவர் தாளாளரின் மைத்துனர். எந்தப் படிப்பும் அவரைத் தடுக்கவில்லை. பெண்கள் சேர ஆரம்பித்ததும் பழைய லேப் கட்டடத்தைக் குறுக்கே தடுத்து அறைகளாக்கி அவர்களைத் தங்க வைத்திருந்தார்கள். இனி முறையாக ஒரு பெண்கள் விடுதி கட்ட வேண்டும், அதில் பெண்களின் தேவைகள் தெரிய வேண்டும் என்று மேலிடத்திலிருந்து யாரோ சொல்லிவிட்டார்களாம். அதனால்தான் என்னைக் கூப்பிட்டார்கள். பெண்களின் தேவைகளைப் பற்றி மைத்துனருக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. ஆனாலும் கையெழுத்துப் போட ஒரு ஆர்க்கிடெக்ட் வேண்டுமே.

முதல் கூட்டம். மேசையைச் சுற்றிலும் ஆண்கள். விடுதி வார்டன் மேடம் மட்டும் கதவோரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், கேட்டால் பேசுவதற்காக உட்கார்ந்திருந்தார். யாரும் கேட்கவில்லை.

"லேடீஸ் ஹாஸ்டல் சார். அதுக்குத் தகுந்த மாதிரி இருக்கணும்," என்றார் தாளாளர்.

"தகுந்த மாதிரின்னா?"

"சேஃப்டிதான், வேற இன்னா. ஜன்னல நல்லா மேல தூக்கிடுங்க. ரோட்லர்ந்து ஒருத்தன் பாக்கக் கூடாது."

"காத்து?"

"ஃபேன் போடறோமே."

"கண்ணாடி வேணாம் மாமா," என்றார் மைத்துனர். "கண்ணாடி வச்சா அது முன்னாடியே நின்னுக்கினு இருக்கும்ங்க. அப்புறம் எங்க படிக்கிறது." இதைச் சொல்லும்போது அவர் சுவரில் மாட்டியிருந்த நிறுவனர் படத்தின் கண்ணாடியைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டிருந்தார்.

"கலர் ரோஸு," என்றார் இன்னொருவர். எல்லோரும் தலையாட்டினார்கள். பெண்களின் தேவை அத்துடன் பெருமளவு தீர்ந்தது.

நான் கதவுக்கு வந்தேன். "தாழ்ப்பாள்?"

"வெளிய போடுங்க. உள்ள வேணாம்."

"வெளியில மட்டுமா சார்?"

"உள்ள தாப்பா போட்டுக்கினு இன்னா பண்ணுதுங்கன்னு யாருக்குத் தெரியும்? நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆய்டுச்சின்னா கதவ யாரு ஒடைக்கிறது? பேஜாரு சார்."

அந்தக் கடைசிப் பேச்சில் மட்டும் ஒரு நியாயம் இருந்தது. பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு அந்தப் பயம் வரும், வர வேண்டும். அதற்கும் வழி இருக்கிறது, உள்ளே போட்ட தாழ்ப்பாளை அவசரத்துக்கு வெளியிலிருந்து சாவி போட்டுத் திறக்கிற மாதிரி வைக்கலாம், சாவி மேடத்திடம் இருக்கட்டும் என்றேன்.

"அதெல்லாம் ஃபாரின்ல சார்," என்றார் மைத்துனர். பாரிமுனையில் கடை கடையாகத் தொங்குகிற சாமான் அது.

"ஆண்கள் ஹாஸ்டல்ல உள் தாழ்ப்பாள் இருக்குதே?"

"பசங்க சார் அவங்க."

அதே ஆண்கள் விடுதியில் குளியலறைகளுக்குக் கதவே கிடையாது. காரணம் கேட்டதற்கும் பதில் அதுதான்: பசங்க சார் அவங்க. ஒரே வாக்கியம் ஒரு இடத்தில் தாழ்ப்பாள் கொடுத்தது, இன்னொரு இடத்தில் கதவையே கழற்றியது. இவ்வளவு வேலை செய்கிற வாக்கியத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

கூட்டத்தில் ஜெயிக்க முடியாதபோது ஒரு மாதிரி அறை கட்டலாம் என்று சொல்லுங்கள். இது தொழில் ரகசியம். கமிட்டிக்காரர்களுக்கு வரைபடம் படிக்கத் தெரியாது. ஆனால் சுவர் என்று ஒன்று எழுந்து அதில் முட்டிக்கொண்டால் வலிக்கத் தெரியும். "முதல்ல ஒரே ஒரு ரூம் கட்டுவோம் சார், நீங்க சொன்ன மாதிரியே. பாத்துட்டு மத்தத முடிவு பண்ணலாம்," என்றேன். நீங்க சொன்ன மாதிரியே என்ற வார்த்தை அவர்களுக்கு மிகவும் பிடித்தது.

அந்த அறை எழும்பிக்கொண்டிருக்கும்போது, பிள்ளைகள் இப்போது எப்படித் தங்கியிருக்கிறார்கள் என்று பார்க்கப் பழைய லேப் கட்டடத்துக்குப் போனேன். வார்டன் மேடம் முன்னால் போனார். ஒவ்வொரு கதவாகத் தட்டாமல் தள்ளினார். நான் வராந்தாவிலேயே நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூரை பார்க்கும்படியாக இல்லை. ஒரு கதவு மட்டும் பாதி திறந்து நின்றுவிட்டது. உள்ளே யாரோ முதுகைக் கொடுத்து முட்டிக்கொண்டிருந்தார்கள்.

"டிரெஸ் மாத்திக்கினு இருக்காங்க மேடம்," என்றது ஒரு குரல்.

"சீக்கிரம் ஆவட்டும். ஒரு டிரெஸ் மாத்த எவ்ளோ நேரம்?" என்று சொல்லிவிட்டு, போன் அடித்ததால் மேடம் நகர்ந்து போனார். கொஞ்ச நேரத்தில் முதுகுக்குச் சொந்தக்காரி வெளியே வந்தாள். பெயர் எஸ்தர். இரண்டாம் வருஷம், மெக்கானிக்கல். ஊத்துக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அப்பாவுக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருட்டாலையில் வேலை.

"நீங்கதான் புது ஹாஸ்டல் கட்ற சாரா?"

"வரையிற சார். கட்றது வேற ஆளு."

"அப்ப ஏதாவது தப்பாச்சின்னா நீங்க இல்லன்னு சொல்லிடுவீங்க."

எங்கள் தொழிலின் அடிப்படைத் தத்துவத்தை இவ்வளவு சுருக்கமாக எனக்கு யாரும் சொன்னதில்லை. பேச்சை மாற்றினேன். "கதவ ஏம்மா முட்டுக் குடுத்துக்கினு நிக்கிற?"

"முதுகு டூட்டி சார்."

அவள் விளக்கினாள். உள்ளே தாழ்ப்பாள் இல்லை. எனவே ஒருத்தி உடை மாற்றினால் இன்னொருத்தி கதவில் முதுகைச் சாய்த்து நிற்க வேண்டும். ஒவ்வொரு அறையிலும் இது முறைவைத்து நடக்கிறது. காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புவதால் டூட்டியில் நிற்கிறவள் கடைசியாகத்தான் கிளம்ப முடியும். அவள் போவதற்குள் மெஸ்ஸை மூடிவிடுவார்கள். நாஷ்டா போச்சு. ஒர்க்‌ஷாப்புக்கு ஓடினால் அங்கேயும் கதவு மூடியிருக்கும், அன்றைய முதல் வகுப்பும் போச்சு.

"அதுல என் முதுகு கொஞ்சம் அகலம் சார். மேடம் தள்ளுனாலும் தாங்கும். அதனால எல்லாம் என்னையே நிக்கச் சொல்றாளுங்க. அட்டெண்டன்ஸ் கொறஞ்சிக்கினே போவுது. எக்ஸாம் எழுத உட மாட்டேன்னு எச்.ஓ.டி. சொல்லிட்டாரு."

"புது ரூம்ல உங்களுக்கு இன்னா வேணும்?"

அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள், நான் வேறு யாரையோ கேட்கிறேன் என்று. "எங்களயா கேக்கறீங்க?"

உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தாள். துணி காயப்போட இடம் வேண்டும். மொட்டை மாடியைப் பூட்டிவிட்டார்கள், உள்ளாடைகளைக் கட்டிலுக்கு அடியில் துண்டு போர்த்திக் காயவைக்கிறார்கள், மழைக்காலத்தில் ஈரத்தோடு உடுத்திக்கொண்டு அரிப்பு வருகிறது. மாதவிடாய் நாப்கின் போட ஒரு மூடி வைத்த தொட்டி வேண்டும். இப்போது காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போகும்போது வழியில் எறிகிறார்கள். உட்கார்ந்தபடி வெளியே பார்க்கிற மாதிரி ஜன்னல் வேண்டும். முகம் பார்க்கக் கண்ணாடி. ரோஸைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

"அதெல்லாம்கூட அப்புறம் பாத்துக்கலாம் சார். உள்ள ஒரு தாப்பா வச்சிடுங்க. அது போதும்."

"பாக்கலாம்மா," என்றேன்.

நம் தொழிலில் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜங்ஷன் ஹார்டுவேர் கடையில் ஒரு தாழ்ப்பாள் வாங்கி, ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஸ்குரூ டிரைவர் கொண்டுவந்து தங்கள் அறைக் கதவில் அவளே பொருத்திவிட்டாள்.

அன்றைக்கு வார்டன் மேடம் வழக்கம்போலத் தள்ளினார். கதவு வழக்கம்போலத் திறக்கவில்லை. அவருடைய பதவிக்காலத்தில் ஒரு கதவு அவருக்கு முடியாது என்று சொன்னது அதுவே முதல் தடவை.

மைத்துனர் எனக்குப் போன் செய்தார். "மாதிரி ரூமு பூஜையன்னிக்கு ஒரு என்கொயரியும் வச்சிக்கிறோம் சார். ட்ரஸ்டிங்க எல்லாம் வருவாங்க, அப்டியே முடிச்சிடலாம்னு. நீங்க ஒரு டெக்னிக்கல் ஒப்பீனியன் குடுக்கணும். ஒரு பொண்ணு காலேஜ் ப்ராப்பர்ட்டிய டேமேஜ் பண்ணிக்கீது."

"எதை?"

"கதவ. ஓட்ட போட்டுக்கீது. டி.சி. குடுத்து அனுப்பிடலாம்னு மாமா சொல்றாரு. நீங்க டேமேஜுன்னு ஒரு வார்த்த சொன்னா போதும்."

பூஜை நாள் காலையில் போனபோது வராந்தா தூணோரமாக எஸ்தரும் அவள் அப்பாவும் நின்றிருந்தார்கள். அவர் நைட் ஷிஃப்ட் முடித்து அப்படியே வந்திருந்தார். கையில் டிபன் பை, காலில் மில்லில் போடுகிற கனமான ஷூ. நான் யார் என்று மகள் சொன்னதும் கிட்டே வந்தார்.

"சார், ஊட்ல கதவு ரிப்பேரு பண்றப்ப தாப்பா எப்டி வக்கிறதுன்னு நான்தான் சார் அதுக்குச் சொல்லிக் குடுத்தேன். நல்லதுன்னு நெனச்சிதான் குடுத்தேன். நடுவுல டி.சி. வாங்கின புள்ளய வேற எந்தக் காலேஜு சார் சேத்துக்கும்?"

எந்தக் கல்லூரியும் சேர்த்துக்கொள்ளாது. அவருக்கும் எனக்கும் அது தெரியும். எஸ்தர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கலாம் என்ற வார்த்தை என் வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

பூஜைக்கு எல்லாம் மாதிரி அறைக்கு வெளியே வராந்தாவில் வைத்திருந்தார்கள். உள்ளே வைத்தால் புகை பட்டு ரோஸ் சுவர் கறுத்துவிடும் என்று மைத்துனர் சொல்லிவிட்டார். தாளாளர் ஏதோ ஒரு கம்பெனித் திறப்பு விழாவிலிருந்து நேராக வந்தார். கோட்டு, டை, ஷூ. குருக்கள் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"பேன்ட்டோட சங்கல்பம் பண்ணப்படாது. ராகு காலம் வரதுக்குள்ள வேஷ்டிக்கு மாறிடுங்கோ."

காரிலிருந்து வேட்டி வந்தது. தாளாளர் அதை வாங்கிக்கொண்டு மாதிரி அறைக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது. உடனே திறந்து தலை மட்டும் வெளியே வந்தது.

"ஆர்க்கிடெக்ட் சார், இதுல தாப்பா எங்க?"

"வெளியில இருக்குது சார்."

மைத்துனர் ஓடிவந்தார். "நான் வெளிய போட்டுடறேன் மாமா. நீங்க மாத்திக்குங்க, முடிஞ்சதும் குரல் குடுங்க."

"இன்னாடா, என்ன உள்ள வச்சிப் பூட்டுவியா?"

"இல்ல மாமா, சேஃப்டிக்கி."

"உன் சேஃப்டியத் தூக்கி குப்பைல போடு. சார், நீங்க கொஞ்சம் கதவாண்ட நில்லுங்க. யாரும் வராம பாத்துக்குங்க. இவன நம்ப முடியாது."

கதவு சாத்திக்கொண்டது. நான் அதற்கு முன்னால் முதுகைத் திருப்பி நின்றேன். அந்த வராந்தாவில் எனக்கு நேர் எதிரே எஸ்தர். முதல்தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தது தன் சொந்த டூட்டியைத்தான் என்று புரிவதற்கு அவளுக்கு ஒரு கணம் பிடித்தது. பிறகு துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள்.

"சார்," என்றாள் மெதுவாக, "வெளிய நின்னா முதுகு பத்தாது. கதவு உள்ளார தொறக்கும். கைப்பிடியப் புடிச்சிக்குங்க."

"இன்னாம்மா நீ, கம்முனு இரு," என்று அப்பா அதட்டினார். நான் கைகளைப் பின்னால் கொண்டுபோய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து வார்டன் மேடம் வந்தார். சமையலறையில் சர்க்கரைப் பொங்கலை மேற்பார்த்துக்கொண்டிருந்தவருக்கு உள்ளே இருப்பது யார் என்று தெரியாது. பின்னால் ட்ரஸ்டிகளின் மனைவிமார்கள், பட்டுப்புடவையில். "வாங்க, ரூம்ப பாருங்க, கலர் எல்லாம் அவ்ளோ நல்லா வந்துகீது," என்று அழைத்துக்கொண்டே என்னைத் தாண்டிக் கையை நீட்டிக் கதவைத் தள்ளினார்.

"மேடம், உள்ள ஆள் இருக்காங்க."

"இருந்தா இன்னா சார்? நம்ம ஹாஸ்டல்ல தட்ற பழக்கமே கெடயாது. கரஸ்பாண்டென்ட் சாரே சொல்லிக்கீறாரு." மறுபடி தள்ளினார். நல்ல பலம். எஸ்தரின் முதுகின்மேல் எனக்கு மரியாதை வந்தது.

"மேடம், நில்லுங்க மேடம்," என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. சம்பளம் கொடுக்கிற குரல். மேடத்தின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. குருக்கள் மணியாட்டுவதை நிறுத்தினார். பட்டுப்புடவைகள் அசையவில்லை.

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் கவனியுங்கள், இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். அந்தக் கணத்தில் என் கையில் ஒரு கைப்பிடி இருந்தது. விட்டிருந்தால் போதும். கதவு ஒரு சாண் திறந்திருக்கும், பேன்ட்டுக்கும் வேட்டிக்கும் நடுவில் அகப்பட்ட ஒரு கல்வித் தந்தையை வராந்தா முழுக்கப் பார்த்திருக்கும். உங்கள் வயசில் நான் விட்டிருப்பேன். அன்றைக்கும் விரல் அரித்தது. ஆனால் அவமானப்பட்ட பெரிய மனுஷன், அவமானப்படுத்தியவன் மேல் பாய மாட்டான். பக்கத்தில் நிற்கிறவர்களில் யார் எளியவர் என்று பார்த்துப் பாய்வான். தூணோரமாக டிபன் பையோடு ஒருவர் நின்றிருந்தார். நான் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம், டி.சி.யோடு போகப் போவது அந்தப் பெண். எனவே இன்னும் இறுக்கிப் பிடித்தேன். பிடித்துக்கொண்டு, வராந்தாவில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, மிகவும் பணிவாகக் கேட்டேன்.

"சார், ஒரு சின்ன டவுட்டு. புது ரூம்புங்களுக்கு உள் தாப்பா வேணுமா, வேணாமா?"

"இப்ப கேக்கற கேள்வியா சார் இது?"

"கதவப் புடிச்சிக்கினு இருக்கறப்பதான் சார் ஞாபகம் வந்துச்சி. கார்பென்டர் வந்து நிக்கிறான்."

உள்ளே பெல்ட் பக்கிள் தரையில் விழுகிற சத்தம்.

"போடுங்க."

"எல்லா ரூம்புக்குமா சார்?"

"எல்லாத்துக்கும் போடுங்க."

"அவசரத்துக்கு வெளியிலர்ந்து சாவி போட்டுத் தொறக்கற மாதிரி, அன்னிக்கு சொன்னேனே, அதுவா?"

"எது வேணா போடுங்க நைனா. கதவ மட்டும் உட்றாதீங்க."

அதுவரை யாரையும் நைனா என்று அவர் அழைத்து நான் கேட்டதில்லை. அப்பா ஸ்தானம் கிடைத்த பிறகு விடுவேனா?

பூஜை நல்லபடியாக நடந்தது. பொங்கலும் நன்றாக இருந்தது. பிறகு விசாரணை. தாளாளர் வேட்டியில் நாற்காலியில் உட்கார்ந்தார். எஸ்தரையும் அவள் அப்பாவையும் முன்னால் நிற்க வைத்தார்கள். மைத்துனர் கதவில் ஓட்டை, கல்லூரிச் சொத்து, ஒழுங்கு என்று ஆரம்பித்தார். தாளாளர் என் முகத்தைப் பார்த்தார். நான் ஒன்றுமே நடக்காத முகத்தை வைத்துக்கொண்டேன். இந்த முகத்தைப் பழகிக்கொள்ளுங்கள். எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தர மாட்டார்கள்.

"ஆர்க்கிடெக்ட் சார் சொல்லட்டும்," என்றார் அவர். "கதவு டேமேஜ் ஆய்கீதா?"

"பாத்தேன் சார். அந்தக் கதவுல முன்னாடி ஒரு கொற இருந்துது. இப்ப இல்ல."

மைத்துனர் வாயைத் திறந்தார். தாளாளர் கையைக் காட்டினார், அது மூடியது.

"நானும் அதான் சொல்றேன்," என்றார் தாளாளர். எப்போது சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. எஸ்தரின் அப்பாவைப் பார்த்து, "பொண்ண கூட்டிக்கினு போ. சாப்ட்டுட்டு போங்க ரெண்டு பேரும்," என்றார். பிறகு எஸ்தரிடம், "இனிமே ஏதாவது வேணும்னா கேளு. நீயே ஆரம்பிச்சிடாத."

"கேட்டேன் சார்," என்றாள் எஸ்தர். "பாக்கலாம்னு சொன்னாங்க."

என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். எனக்கு வேண்டியதுதான்.

கிளம்பும்போது வார்டன் மேடம் படிக்கட்டில் வந்து நின்றார். "நானும் ஹாஸ்டல்ல படிச்சவதான் சார். அங்கயும் தள்ளிக்கினுதான் வருவாங்க. ஹாஸ்டல்னா அப்டிதான்னு நெனச்சேன்," என்றார். அவர் கண்டிப்பானவர் என்று நான் நினைத்திருந்தேன். பாவம், அவர் படித்த பாடத்தைத்தான் ஒப்பித்துக்கொண்டிருந்தார்.

தாழ்ப்பாளுக்குப் பின்னால் மற்றவையும் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. வெயில் விழுகிற, வெளியே தெரியாத மறைப்புச் சுவர் வைத்து ஒரு துணி காயும் முற்றம். மூடி வைத்த தொட்டி. உட்கார்ந்து பார்க்கிற உயரத்தில் ஜன்னல், சாலையிலிருந்து தெரியாதபடி சாய்த்த பலகைகளோடு. கண்ணாடியைக் கதவுக்குப் பின்னால் மாட்டினேன், மைத்துனர் கண்ணில் படாமலிருக்க. ஆண்கள் விடுதிக் குளியலறைகளுக்கும் கதவு வைத்தோம். பசங்களுக்கும் வெட்கம் உண்டு என்பதை நம்பவைக்க இன்னொரு கூட்டம் ஆனது. ரோஸை மட்டும் என்னால் அசைக்க முடியவில்லை. ஒரு கமிட்டிக்கு ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். சுவர் என்ன நிறமாக இருந்தாலும் விளக்கை அணைத்தால் தெரியாது.

திறந்து கொஞ்ச நாள் கழித்து, வெளியூர்க் கல்லூரிக்காரர்கள் சிலர் பார்க்க வந்திருக்கிறார்கள், நீங்களும் வாருங்கள் என்று தாளாளர் கூப்பிட்டார். போனேன். அவர் முன்னால் நடந்தார். உள் தாழ்ப்பாள் என்பது தனக்கு எப்படித் தோன்றியது, பெண் பிள்ளைகளின் மனசைத் தான் எப்படிப் புரிந்துகொண்டார் என்று விளக்கிக்கொண்டே போனார். விருந்தாளிகள் வியந்தார்கள். நானும் வியந்தேன்.

ஒரு அறையைக் காட்டுவதற்காக நின்றார். மைத்துனர் பழக்க தோஷத்தில் கைப்பிடிக்குக் கையை நீட்டினார். தாளாளர் அந்தக் கையைத் தட்டிவிட்டு, விரல் முட்டியால் கதவைத் தட்டினார்.

"இருங்க, டிரெஸ் மாத்திக்கினு இருக்கேன்," என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். யார் தட்டியது என்று அது கேட்கவில்லை. எஸ்தரின் குரல்தான்.

"சாவி போட்டா தொறந்துக்கும் மாமா, மேடத்தாண்ட கீது," என்றார் மைத்துனர்.

"கம்முனு நில்றா," என்றார் தாளாளர்.

தாளாளர், மைத்துனர், விருந்தாளிகள், நான், எல்லோரும் நின்றோம். அவள் அவசரப்பட்டதாகத் தெரியவில்லை. வராந்தா நிற்பதற்கு வசதியாக, நல்ல அகலமாக இருந்தது. நான்தான் வரைந்தேன்.